பல முனைகளுக்கு ஒரே தொடர் இணைப்பு: குறுந்தூர மோடமா, ஆர்எஸ்-485-ஆ, வேறு வழியா?

கட்டுப்பாட்டு அறையில் ஒரு கணினி இருக்கிறது. அதிலிருந்து சில நூறு மீட்டர் முதல் இரண்டு கிலோமீட்டர் வரையிலான தொலைவில், வெவ்வேறு கட்டடங்களில், எட்டுப் பத்து அளவீட்டுக் கருவிகளோ பிஎல்சிகளோ (இயந்திரங்களை இயக்கும் சிறு தொழிற்சாலைக் கணினிகளோ) நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பழைய ஆர்எஸ்-232 போர்ட் (தரவை ஒரு கம்பியில் பிட் பிட்டாக அனுப்பும் தொடர் போர்ட்) மட்டுமே உண்டு. கணினி ஒவ்வொன்றையும் அதன் முகவரியைச் சொல்லி அழைக்க வேண்டும்; அழைக்கப்பட்டது மட்டும் பதில் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குக் கம்பி இழுக்கும் பொறுப்பு ஒருவரிடம் வந்து சேரும்போது, அவர் முன்னால் முக்கியமாக நான்கு வழிகள் இருக்கின்றன. குறுந்தூர மோடங்களை நான்கு கம்பியில் வரிசையாகக் கோக்கலாம். அவற்றையே இரண்டு கம்பியில் கோக்கலாம். ஒவ்வொரு முனைக்கும் தனி மோடம் இணை வைத்து நட்சத்திர அமைப்பாக்கலாம். அல்லது மோடத்தை விட்டுவிட்டு, பல முனைகளுக்கென்றே எழுதப்பட்ட ஆர்எஸ்-485 என்ற தரத்துக்கு மாறிவிடலாம். ஒளியிழையும் ஈதர்நெட்டும் இவற்றுக்கு அப்பால் உள்ளவை. அவற்றைக் கடைசியில் சுருக்கமாகப் பார்க்கிறேன்.

இவற்றை ஒப்பிட உட்காரும் பலர் தொலைவையும் வேகத்தையும்தான் முதலில் எழுதிக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரையில் அவை இரண்டும் அரிதாகவே முடிவைத் தீர்மானிக்கின்றன. பல முனை இணைப்பில் ஒரு கருவியைப் பேச வைப்பது எளிது. கேட்கப்படாத மற்றக் கருவிகளை உண்மையிலேயே வாய்மூடி இருக்க வைப்பதுதான் கடினம். ஆகவே ஒவ்வொரு வழியையும் நான் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடை போடுகிறேன்: தன் முறை வராத கருவி கம்பியை விட்டு எப்படி விலகுகிறது, விலகத் தவறினால் அது எங்கே தெரியும்?

ஆர்எஸ்-232 இந்தக் கேள்விக்கு விடையே வைத்திருக்கவில்லை. 1960-இல் வெளியாகி, 1969-இல் ‘சி’ பதிப்பாகப் பரவிய அந்தத் தரம், ஒன்றுக்கு ஒன்று என்ற இணைப்பை மட்டுமே எண்ணி எழுதப்பட்டது. அதில் கருவி சும்மா இருக்கும்போதும் தன் அனுப்பும் கம்பியை எதிர் மின்னழுத்தத்தில் இழுத்துப் பிடித்திருக்கும். எனவே இரண்டு கருவிகளின் அனுப்பும் கம்பிகளை ஒன்றாக முறுக்கிக் கட்டினால், பேசுவது நேர்ப்பக்கம் இழுக்கும்போது பேசாதது எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். தொலைவும் இதில் குறைவு. பழைய பதிப்பு 15 மீட்டர் என்றது. பின்னாளில் கம்பியின் மொத்த மின்தேக்குத்திறன் 2500 பிகோஃபாரடைத் தாண்டக் கூடாது என்பதே அளவுகோல் ஆயிற்று. மீட்டருக்கு 50 பிகோஃபாரட் உள்ள கம்பி என்றால் 50 மீட்டர். மின்தேக்குத்திறன் அதைப்போல் இருமடங்கு உள்ள கவசக் கம்பி என்றால் அதில் பாதி. இதற்கு மேலும் பலர் ஓட்டுகிறார்கள் என்பது உண்மைதான். கட்டடம் தாண்டிக் கட்டடத்துக்கு அப்படி ஓட்டுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

குறுந்தூர மோடம் இந்த இரண்டு குறைகளுக்கும் சேர்த்து வந்த சிறு பெட்டி. எண் போட்டு அழைக்கும் தொலைபேசி மோடத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இதற்கு முனைக்கு முனை நேரடியான செம்புக் கம்பி வேண்டும். இடையில் இணைப்பகக் கருவியோ, டிஜிட்டல் மல்டிபிளெக்ஸரோ, நீண்ட தொலைபேசித் தடங்களில் பேச்சொலிக்காகச் செருகப்படும் லோடிங் காயில் என்ற கம்பிச்சுருளோ இருக்கக் கூடாது. வளாகத்தில் ஏற்கெனவே புதைந்து கிடக்கும் தொலைபேசிக் கேபிளில் இரண்டு இணை (இரண்டிரண்டு கம்பிகளாக முறுக்கிய ஜோடி) காலியாக இருந்தால், அதுவே இதற்கு இயல்பான பாதை. நல்ல மாதிரிகளில் கம்பிப் பக்கம் ஒரு சிறு மின்மாற்றி வழியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மலிவான சிலவற்றின் உள்ளே பிரிப்பு எதுவும் இல்லாமல், ஆர்எஸ்-422 என்ற கம்பித் தரத்தின் சில்லு மட்டும் இருக்கும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயர் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். வாங்குமுன் குறிப்பேட்டில் மின்மாற்றியோ ஆப்டோகப்ளரோ (ஒளி வழியாகச் சமிக்ஞையைக் கடத்தி மின்சுற்றைப் பிரிக்கும் சில்லு) குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது, தொலைவு அட்டவணையைப் பார்ப்பதைவிட முக்கியம்.

நான்கு கம்பியில் வரிசையாக

இந்த அமைப்பில் இரண்டு முறுக்கிணைகள் எல்லா முனைகளையும் தொட்டுக்கொண்டு செல்கின்றன. தலைமை முனையின் (கணினி இருக்கும் முனையின்) அனுப்பும் இணை, கிளை முனைகள் அனைத்தின் பெறும் இணையோடும் இணைகிறது; கிளை முனைகள் அனைத்தின் அனுப்பும் இணைகளும் ஒன்று சேர்ந்து தலைமையின் பெறும் இணைக்கு வருகின்றன. குறுக்கு மாற்றம் தலைமை முனையில் ஒரே ஒரு முறை மட்டுமே நடக்கிறது. கிளைகளுக்கிடையே பெறுவது பெறுவதோடும், அனுப்புவது அனுப்புவதோடும் நேராகவே செல்ல வேண்டும். இரண்டு மோடங்களை மட்டும் இணைத்துப் பழகிய கை, ஒவ்வொரு தாவலிலும் குறுக்கே மாற்றிவிடும். அப்படிச் செய்தால் முதல் கிளை பதில் சொல்லும், இரண்டாவது சொல்லாது, மூன்றாவது சொல்லும், நான்காவது சொல்லாது. ஒற்றைப்படை முனைகள் மட்டும் உயிரோடு இருக்கும் வரிசையைக் கண்டால், மோடத்தைக் கழற்ற வேண்டாம். டெர்மினலில் உள்ள கம்பிகளைப் பாருங்கள்.

இங்கே இன்னொரு பொறி, தொலைபேசி வடம். மோடத்திலிருந்து சுவர்ப் பெட்டிக்குச் செல்லும் தட்டை வடத்தின் இரு முனைகளிலும் கம்பி வரிசை தலைகீழாக இருப்பதால், அதுவே அனுப்புவதையும் பெறுவதையும் மாற்றித் தரும் என்று சிலர் நம்புகிறார்கள். அது மாற்றித் தராது. நடுவில் உள்ள இணை நடுவிலேயும், வெளியில் உள்ள இணை வெளியிலேயும்தான் போய்ச் சேருகின்றன. ஒவ்வொரு இணையின் உள்ளே இரண்டு கம்பிகளின் துருவம் மட்டுமே இடம் மாறுகிறது. துருவத்தைப் பொருட்படுத்தாத குறியீட்டு முறை கொண்ட மோடங்களில் இதனால் கெடுதல் இல்லை. மற்றவற்றில் தரவு தலைகீழாகிக் குப்பையாக வந்து சேரும். அதுபோல, ஓர் இணையிலிருந்து ஒரு கம்பியையும் அடுத்த இணையிலிருந்து ஒரு கம்பியையும் எடுத்து ஒரு தடமாக்கினால், மீட்டரில் தொடர்ச்சி சரியாகக் காட்டும், ஆனால் இரைச்சலைத் தடுக்கும் முறுக்கின் பயன் முழுவதும் போய்விடும். குறுகிய தொலைவில் அது வேலை செய்வதுபோலவே தோன்றும் என்பதால்தான் இந்தத் தவறு நெடுநாள் வாழ்கிறது.

இனி மௌனத்தின் கணக்கு. தலைமை முனையின் மோடம் தன் கேரியரை (தரவைச் சுமந்து செல்லும் அலையை) எப்போதும் ஏற்றியே வைத்திருக்கலாம், ஏனெனில் அந்த இணையில் பேசுவது அது ஒன்று மட்டும்தான். கிளை மோடங்களோ, தம் கருவி ஆர்டிஎஸ் கம்பியை (‘அனுப்பப் போகிறேன்’ என்று சொல்லும் கம்பியை) உயர்த்தும்போது மட்டுமே கேரியரை ஏற்ற வேண்டும். பதில் முடிந்ததும் இறக்கிவிட வேண்டும். ஆர்டிஎஸ் உயர்ந்ததும் மோடம் சில மில்லிவினாடி கழித்துச் சிடிஎஸ் (‘அனுப்பலாம்’ என்ற அனுமதி) தரும். அந்த இடைவெளியில் தலைமை மோடத்தின் பெறும் பகுதி கேரியரைப் பிடித்து நிலைப்படுகிறது. கருவி சிடிஎஸ்ஸுக்குக் காத்திராமல் தரவைத் தள்ளினால் முதல் ஓரிரு எழுத்துகள் கடித்துத் துப்பப்படும். தொழிற்சாலைக் கருவிகள் பேசும் மாட்பஸ் போன்ற நெறிமுறையில் முதல் எழுத்து முகவரி என்பதால், அந்தப் பதில் முழுவதும் குப்பைக்குத்தான் போகும்.

ஆகவே மோடம் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி மோடத்தைப் பற்றியதே அல்ல: கிளைக் கருவிகள் ஆர்டிஎஸ்ஸை முறையாக இயக்குமா? பல கருவிகளின் போர்ட்டில் அனுப்பும் கம்பி, பெறும் கம்பி, சிக்னல் கிரவுண்ட் ஆகிய மூன்று மட்டுமே இருக்கும். வேறு சிலவற்றில் ஆர்டிஎஸ் இருக்கும், ஆனால் மின்சாரம் வந்ததும் உயர்ந்து அப்படியே நிற்கும். இத்தகைய கருவிக்கு, தரவு வருவதைத் தானே உணர்ந்து கேரியரை ஏற்றி இறக்கும் மோடம் தேவை. அந்த வசதி இல்லாத மோடத்தை வாங்கிவிட்டு, டிபி-9 இணைப்பியில் ஆர்டிஎஸ்ஸுக்குரிய 7-ஆவது பின்னை நிரந்தரமாக மேலே கட்டிவிடுவது, ஒரு கிளை மட்டும் இருக்கும்வரை வேலை செய்யும். இரண்டாவது கிளை வந்த நாளில் எல்லாம் நின்றுவிடும்.

இதை நான் ஏட்டில் படித்துக் கற்கவில்லை. ஏழு கிளைகள் உள்ள ஓர் அமைப்பில் நான்காவது முனையின் மோடம் பழுதாகி, கையிருப்பிலிருந்த மாற்று மோடம் வைக்கப்பட்டது. அன்று மாலை ஏழு முனைகளில் நான்காவதைத் தவிர எதுவும் ஒழுங்காகப் பதில் தரவில்லை. ஆறு முனைகள் ஒரே நேரத்தில் போனால் கேபிள்தான் என்று முடிவு செய்து, இரண்டு நாள் கேபிள் பாதையைத் தோண்டிப் பார்த்தோம். கடைசியில் தலைமை மோடத்தின் முகப்பிலிருந்த டிசிடி விளக்கை (கேரியர் வருகிறது என்று காட்டும் விளக்கை) ஒருவர் கவனித்தார்: கணினியை நிறுத்தி வைத்திருந்த நேரத்திலும் அது அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. யாரையும் கேட்காதபோது யாரோ கேரியர் ஏற்றி வைத்திருக்கிறார் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. மாற்று மோடத்தின் உள்ளே ‘கேரியர் எப்போதும்’ என்ற நிலையில் இருந்த ஒரு சிறு ஜம்பரை (செருகி மாற்றும் இணைப்புத் துண்டை) மாற்றியதும் எல்லாம் சரியாயிற்று. தோண்டிய பள்ளத்தை மூடத்தான் இன்னொரு நாள் ஆனது.

அந்த விளக்குதான் நான்கு கம்பி அமைப்பை நான் மேலாக மதிப்பதற்குப் பெரிய காரணம். கிளைகளின் டிசிடி எப்போதும் எரிய வேண்டும், ஏனெனில் தலைமையின் கேரியர் எப்போதும் இருக்கிறது. ஏதேனும் ஒரு கிளையில் அணைந்திருந்தால் கம்பி அதற்கு முன்பே அறுந்திருக்கிறது. தலைமையின் டிசிடி ஒவ்வொரு பதிலுக்கும் ஒருமுறை மினுக்க வேண்டும். தொடர்ந்து எரிந்தால் யாரோ வாய்மூடவில்லை. பழுது பார்ப்பவர் அலைக்காட்டி இல்லாமலே பாதி வேலையை முடித்துவிடலாம்.

முடிவுத் தடையை (கம்பியின் கோடியில் சமிக்ஞை மோதித் திரும்பாதிருக்க வைக்கும் தடையை) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தலைமையிலும் வரிசையின் கடைசிக் கிளையிலும் மட்டும் மோடத்தின் கம்பிப்பக்கத் தடையைக் குறைந்த நிலையிலும், இடையிலுள்ளவை அனைத்திலும் உயர்ந்த நிலையிலும் வைக்க வேண்டும். இடைக் கிளைகள் எல்லாம் குறைந்த தடையில் விடப்பட்டால் சமிக்ஞை ஒவ்வொரு முனையிலும் பங்கு போடப்பட்டுக் கடைசி முனைக்கு ஒன்றும் மிஞ்சாது. தயாரிப்பாளர் தரும் தொலைவு அட்டவணை பெரும்பாலும் இரு மோடங்களுக்கு மட்டும் உரியது. பல முனைகளுக்கு அதில் பாதியைத்தான் நான் கணக்கில் எடுப்பேன்.

மின்சாரத்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. இந்தப் பெட்டிகளில் பல, தனி மின்வழங்கி இல்லாமல், போர்ட்டின் அனுப்பும் கம்பி, ஆர்டிஎஸ், டிடிஆர் (கருவி தயார் என்று சொல்லும் கம்பி) ஆகியவற்றிலிருந்தே மின்சாரத்தை உறிஞ்சி ஓடுகின்றன. இரு முனை இணைப்பில் இது நேர்த்தியான ஏற்பாடு. பல முனை இணைப்பில் ஆர்டிஎஸ் மேலும் கீழும் ஆடுவதால், உணவு தரும் கம்பிகளில் ஒன்று சமிக்ஞைக் கம்பியாகிவிடுகிறது. கணினியின் யுஎஸ்பியை ஆர்எஸ்-232 ஆக்கும் மாற்றிகளின் வெளியீடு பல நேரங்களில் 5 அல்லது 6 வோல்ட் அளவிலேயே நிற்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. மேசையில் நன்றாக ஓடிய மோடம் நீண்ட கம்பியில் தடுமாறினால் முதலில் தனி அடாப்டரைச் செருகிப் பார்க்க வேண்டும்; பல முனைக்கு என்றால் அடாப்டர் செருகும் துளை இல்லாத மாதிரியை வாங்கவே வேண்டாம் என்பேன்.

இரண்டு கம்பியில்

காலியாக ஓர் இணை மட்டுமே இருந்தால் வேறு வழியில்லை. எல்லா மோடங்களும் ஒரே இணையில் தொங்குகின்றன. தலைமை முனையும் தன் முறை முடிந்ததும் வாயை மூட வேண்டும். அதாவது மௌனம் காக்க வேண்டியவர்களின் பட்டியலில் கணினியும் சேர்கிறது, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கடைசி எழுத்தின் கடைசி பிட் வெளியேறியவுடன் ஆர்டிஎஸ்ஸை இறக்குவது ஒரு நுண்செயலிக்கு எளிது. பல வேலைகளுக்கு இடையே ஓடும் கணினி மென்பொருளுக்கு எளிதல்ல. யுஎஸ்பி மாற்றி இடையில் இருந்தால் இன்னும் மோசம்: இந்த மாற்றிகளில் பரவலான எஃப்டிடிஐ நிறுவனச் சில்லுகள் பெற்ற தரவைக் கணினிக்கு ஒப்படைக்க இயல்பாக 16 மில்லிவினாடி வரை காத்திருக்கின்றன. கணினி ஆர்டிஎஸ்ஸைத் தாமதமாக இறக்கினால், பதிலின் தொடக்கம் அதன் கேரியரின் மேலேயே வந்து மோதுகிறது. தான் அனுப்பியதைத் தானே பெறும் எதிரொலியும் உண்டு. மோடத்தில் அதை அடக்கும் சுவிட்ச் இருக்கிறதா, இல்லாவிட்டால் மென்பொருள் அதைத் தள்ளிவிடுமா என்று முன்பே அறிந்திருக்க வேண்டும்.

வேகத்தில் இழப்பு எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்த்தால் பலர் நினைப்பதைவிடக் குறைவு. மாட்பஸின் ஆர்டியு வடிவத்தில் 10 ரெஜிஸ்டர்களை (கருவியின் அளவுகள் இருக்கும் நினைவிடங்களை) கேட்கும் கேள்வி 8 பைட், பதில் 25 பைட். பைட்டுக்கு 11 பிட் என்றால் மொத்தம் 363 பிட். வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் அது 38 மில்லிவினாடி. செய்திகளுக்கு இடையே மூன்றரை எழுத்து நேர அமைதி இரண்டு முறை, சுமார் 8 மில்லிவினாடி. கருவி யோசிக்க 20 என்று வைத்துக்கொள்வோம். ஆர்டிஎஸ்-சிடிஎஸ் தாமதம் 10 என்றால், நான்கு கம்பியில் கிளைக்கு மட்டும் ஒருமுறை, இரண்டு கம்பியில் இரு பக்கமும் இருமுறை. ஆக ஒரு முனைக்கு 76 மில்லிவினாடிக்கு எதிராக 86. பத்து முனைகளைச் சுற்றிவர முக்கால் வினாடிக்கு எதிராக ஏறத்தாழ 0.86 வினாடி. இதற்காக யாரும் இரண்டாவது இணையைத் தேடி அலைய வேண்டியதில்லை. செத்துக் கிடக்கும் ஒரே ஒரு முனைக்கு ஒரு வினாடி வீதம் மூன்று முறை காத்திருக்கும்படி மென்பொருளை அமைத்தாலே, அது இந்தச் சேமிப்பு முழுவதையும் பலமடங்கு விழுங்கிவிடும்.

எனவே நான்கு கம்பியின் மேன்மை வேகத்தில் இல்லை. தலைமை முனையில் திசைமாற்றமே தேவையில்லை என்பதிலும், மேலே சொன்ன விளக்குச் சாட்சியிலும்தான் இருக்கிறது. இரண்டு கம்பியில் எல்லோருடைய கேரியரும் ஒரே இடத்தில் வந்துபோவதால் டிசிடி விளக்கு எதையும் நிரூபிக்காது.

நட்சத்திரம்

தொலைபேசிக் கேபிள்கள் பெரும்பாலும் ஒரு மையப் பலகையிலிருந்து கிளை பிரிந்து செல்வன; ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்கு வரிசையாகத் தாவுவதில்லை. ஆகவே வரிசை என்று தாளில் வரைந்தது தரையில் நட்சத்திரமாகிவிடும். எல்லாக் கைகளையும் மையத்தில் ஒன்றாகக் கட்டிவிடலாமா என்பது வேகத்தைப் பொறுத்தது. கேபிளில் சமிக்ஞை மீட்டருக்குச் சுமார் 5 நானோவினாடி எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மைக்ரோவினாடி. 9600 வேகத்தில் ஒரு பிட் 104 மைக்ரோவினாடி நீளம். எதிர்த்துத் திரும்பும் அலை பிட்டின் முதல் பத்தில் ஒரு பங்குக்குள் வந்துவிடும், பிட்டின் நடுவில் மாதிரி எடுக்கும் பெறுவானுக்கு அது தெரியவே போவதில்லை. 115200 வேகத்திலோ ஒரு பிட்டே 8.7 மைக்ரோவினாடிதான், திரும்பும் அலை அடுத்த பிட்டின் தலையில் விழும். மெதுவான தடத்தில் சில கைகள் கொண்ட நட்சத்திரம் மன்னிக்கப்படும். வேகமான தடத்தில் மன்னிக்கப்படாது. கேரியரைப் பண்பேற்றி அனுப்பும் மோடங்கள் தரவு வேகத்தைவிட உயர்ந்த அதிர்வெண்ணில் இயங்கக்கூடும் என்பதால், அவற்றில் இந்த மன்னிப்பு இன்னும் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

செலவைப் பொருட்படுத்தாதவர்களுக்கு நட்சத்திரத்திலேயே சுத்தமான வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு கிளைக்கும் தனி மோடம் இணை; மையத்தில் அந்த மோடங்களையெல்லாம் கணினியின் ஒரே போர்ட்டோடு சேர்க்கும் பகிர்வுப் பெட்டி. கணினி அனுப்புவது எல்லாப் பக்கமும் போகிறது. திரும்பி வருவதில் எந்தக் கிளையின் கேரியர் எழுந்திருக்கிறதோ அதை மட்டும் பெட்டி உள்ளே விடுகிறது. மோடங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்காகும், மையத்தில் ஒரு அலமாரி நிறையும். ஆனால் ஒரு கையில் கேபிள் அறுந்தாலோ இடி விழுந்தாலோ மற்றக் கைகள் ஓடிக்கொண்டே இருக்கும். வாய்மூடாத கிளையை மையத்தில் ஒரு வடத்தைப் பிடுங்கியே தனிமைப்படுத்திவிடலாம். கிளைகள் தூரமாகவும், ஆள் போய்வருவது கடினமாகவும் உள்ள இடத்தில் இந்தச் செலவு நியாயமானதே.

ஆர்எஸ்-485

1983-இல் வந்த இந்தத் தரம் மௌனத்தைத் தரத்துக்குள்ளேயே எழுதி வைத்தது: பேசாத அனுப்புவான் கம்பியிலிருந்து மின்னளவில் கழன்றுகொள்ளும். 32 அலகுச் சுமை (வழக்கமான ஒரு முனை ஓர் அலகு), சுமார் 1200 மீட்டர், இரு கோடிகளிலும் 120 ஓம் முடிவுத் தடை என்பவை இத்துறையில் எல்லோரும் அறிந்தவை. எட்டில் ஒரு பங்கு சுமை உள்ள சில்லுகளால் முனைகளை 256 வரை கூட்டலாம். புதிய கேபிள் போடும் வாய்ப்பு இருந்து, கருவிகளிலேயே ஆர்எஸ்-485 போர்ட்டும் இருந்தால், ஒரே கட்டடத்துக்குள் மோடத்தைப் பற்றி யோசிப்பதே வீண்.

ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் கழன்றுகொண்டால் கம்பி எந்த நிலையில் இருக்கும்? பெறுவானுக்கு இணையின் இரு கம்பிகளுக்கு இடையே 200 மில்லிவோல்ட் வித்தியாசம் தேவை. இரு கோடித் தடைகளும் அதைச் சுழியத்துக்கு இழுத்துவிடும். அந்த வெறுமையில் இரைச்சல் தொடக்க பிட்டாக வேடம் போடும். அதனால்தான் ஓரிடத்தில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகச் சார்புத் தடைகள் வைக்கிறோம். 5 வோல்ட்டில் 560 ஓம் இரண்டு என்று எடுத்தால், இரு 120 ஓம்களும் சேர்ந்த 60 ஓமின் குறுக்கே 5×60÷1180, அதாவது 254 மில்லிவோல்ட் கிடைக்கிறது. தேவையைவிடச் சற்றே மேல். யாராவது நடுவில் மூன்றாவது 120 ஓமைச் செருகினால் அது 40 ஓமாகி, மின்னழுத்தம் 172-ஆக விழுந்து, ‘எப்போதாவது ஒருமுறை பிழை’ என்ற புகார் எழும்.

தொலைவிலும் 1200 மீட்டர் என்பதை அப்படியே விழுங்கக் கூடாது. 24 ஏடபிள்யூஜி தடிமன் கம்பியின் தடை கிலோமீட்டருக்கு 84 ஓம்; போய்வர 168. 1200 மீட்டருக்கு 200 ஓமுக்கு மேல். 1.5 வோல்ட்டில் தொடங்கிய சமிக்ஞை, கடைசி 120 ஓமில் ஏறத்தாழ 0.56 வோல்ட்டாக வந்து சேரும். ஓடும், ஆனால் மிச்சம் அதிகமில்லை. இணையின் இரு கம்பிகளுக்கு இட்ட ஏ, பி என்ற பெயர்க் குழப்பம் இதற்கு மேல். தரத்தின்படி சும்மா இருக்கும்போது பி உயர்ந்தும் ஏ தாழ்ந்தும் இருக்க வேண்டும். சில்லு தயாரிப்பாளர்கள் பலர் பெயரை மாற்றி எழுதியிருக்கிறார்கள். இரண்டு நிறுவனங்களின் கருவிகள் ஒரே தடத்தில் வந்தால், பெயரை நம்பாமல் சும்மா இருக்கும் நேரத்தில் மீட்டர் வைத்து அளந்துவிட்டே இணைப்பேன்.

ஆர்எஸ்-485-இன் உண்மையான பலவீனம் எர்த். பெறுவான் தாங்கும் பொது மின்னழுத்தம் −7 முதல் +12 வோல்ட் வரை மட்டுமே. வெவ்வேறு மின்வழங்கல் உள்ள இரு கட்டடங்களின் எர்த்துகளுக்கு இடையே, ஒரு பெரிய மோட்டார் தொடங்கும் நொடியில் இதைவிட அதிகம் தோன்றலாம். அருகில் இடி விழும்போது கேட்கவே வேண்டாம். மூன்றாவது கம்பியாகப் பொதுக் கம்பி ஓட்டுவது ஓரளவு உதவும், மின்தனிமைப்பு உள்ள மாற்றிகள் நன்றாகவே உதவும். ஆனால் ஒவ்வொரு முனைக்கும் தனிமைப்பு மாற்றியும் அதற்கு மின்வழங்கியும் வாங்கியபின் கணக்குப் பார்த்தால், மின்மாற்றி உள்ள மோடத்தின் செலவுக்கு அருகில் வந்து நிற்போம்.

ஓரத்தில் நிற்பவை

தரவை மின்னோட்டமாக அனுப்பும் பழைய 20 மில்லிஆம்பியர் மின்னோட்டச் சுற்று, கருவிகளைத் தொடராகக் கோப்பதால், ஒன்று அறுந்தால் எல்லாம் அறும். ஏற்கெனவே இருந்தால் விட்டுவையுங்கள், புதிதாகத் தொடங்க வேண்டாம். ஒளியிழை எர்த் பிரச்சினையையும் இடியையும் ஒருசேர ஒழிக்கிறது. ஆனால் வளைய அமைப்பில் ஒவ்வொரு முனையும் அடுத்ததற்குத் திருப்பி அனுப்புவதால், ஒரு முனையில் மின்சாரம் போனால் வளையம் உடையும். ஈதர்நெட்டுக்கு மாற்றும் சீரியல் சர்வர்கள், வலையமைப்பு ஏற்கெனவே எல்லாக் கட்டடங்களிலும் இருந்தால் மிகவும் வசதியானவை; இல்லாவிட்டால் செம்பில் 100 மீட்டர் எல்லை குறுக்கே நிற்கிறது. தவிர, அவை தரவைப் பொட்டலங்களாக வெட்டி அனுப்புவதால், எழுத்துகளுக்கு இடையேயான மௌனத்தை அளந்து செய்தியின் முடிவை அறியும் மாட்பஸ் ஆர்டியு போன்றவை குழம்பலாம். அதை மாட்பஸ் டிசிபியாக (மாட்பஸின் ஈதர்நெட் வடிவமாக) மொழிபெயர்க்கும் கேட்வேயை வைப்பது நல்லது.

எதை எப்போது

பல கட்டடங்கள், பழைய செம்புக் கேபிளில் காலியாக இரண்டு இணை, 9600 அல்லது 19200 போதும், கருவிகள் ஆர்டிஎஸ்ஸை ஒழுங்காக இயக்கும் என்றால், மின்மாற்றி உள்ள குறுந்தூர மோடங்களை நான்கு கம்பியில் கோப்பதையே தேர்ந்தெடுப்பேன். கருவிகள் ஆர்டிஎஸ்ஸை இயக்காவிட்டால், தரவை உணர்ந்து கேரியர் ஏற்றும் மாதிரி கிடைக்கும்வரை கையெழுத்திடமாட்டேன். ஓர் இணை மட்டும் இருந்தால், தலைமை முனையில் கணினிக்குப் பதில் ஒரு பிஎல்சியையோ சிறு தொடர்புக் கட்டுப்படுத்தியையோ வைத்து இரண்டு கம்பியில் ஓட்டுவேன். ஒரே கட்டடம், புதிய கேபிள் என்றால் ஆர்எஸ்-485. கேபிள் கிட்டத்தட்ட முழுதும் புதிதாகப் புதைக்கப்பட வேண்டிய, கட்டடங்கள் தாண்டிய வேலை என்றால், இந்தக் கட்டுரையில் பெரும்பகுதியைப் பேசிய செம்பையே விட்டுவிட்டு ஒளியிழைக்குப் போவேன். பள்ளம் தோண்டும் செலவுக்கு முன்னால் கம்பியின் விலை வித்தியாசம் சிறிது.

எதைத் தேர்ந்தாலும், ஆணை கொடுப்பதற்கு முன் தூரக்கோடியில் இணையின் இரு கம்பிகளையும் ஒன்றாகக் கட்டிவிட்டு, இந்தக் கோடியில் மீட்டரால் தடையை அளந்துவிடுங்கள். கிலோமீட்டருக்கு 168 ஓம் என்ற கணக்கோடு அது ஒத்துவராவிட்டால், கேபிளின் தடிமனோ, நீளமோ, நடுவில் ஒரு துருப்பிடித்த இணைப்போ உங்களிடம் சொல்லப்படாமல் இருக்கிறது. பிறகு இரண்டே மோடங்களை இரவலாகவாவது வாங்கி, தலைமையையும் மிகத் தொலைவான கிளையையும் மட்டும் ஒரு நாள் முழுதும் ஓட விடுங்கள். அது நின்று ஓடினால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒவ்வொன்றைச் சேர்த்ததும் கணினியை நிறுத்திவிட்டு, தலைமை மோடத்தின் டிசிடி விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்தபின்பே அடுத்த கட்டடத்துக்கு நடங்கள்.